மேசைமேல் ஒரு கடல்: பிசினும் பாலும் நம் மலாக்காவும்



எங்கள் பள்ளிக்கு ஒரு நாள் மாணவர் ஒருவரின் தந்தை பலகை ஒன்றைக் கொண்டு வந்தார். தொழிற்சாலை வேலை முடிந்த மாலை நேரங்களில் கைத்தொழிலாக அவர் செய்வது அது. பலகையின் ஒரு பாதி வெறும் மரம், மறுபாதி கடல். கரையோரம் இளநீலம், அப்பால் கருநீலம், இரண்டும் சேருமிடத்தில் வெண்ணுரை. தொட்டுப் பார்த்தால் கண்ணாடிபோல் வழவழத்தது. 'ரெசின்' என்னும் செயற்கைப் பிசினை நிறமேற்றி ஊற்றி, வெண்ணிறத்தை ஓரமாக விட்டு, வெப்பக் காற்றை ஊதி நுரையைப் பரப்பியதாக விளக்கினார். விடுமுறையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத் தரவும், பள்ளி நூலகத்துக்கு ஒரு மேசை செய்து தரவும் முன்வந்தார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இது பேசப்பட்டபோது கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. கைத்தொழில் சோறு போடும் என்றனர் சிலர். பேரப்பிள்ளைக்காக வந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் எழுந்து, "டீச்சர், நாங்க ஆயுசு பூரா பாலோட மல்லுக்கட்டினோம். பிள்ளைங்க படிச்சு மேல வரணும்னுதான் ஸ்கூலுக்கு அனுப்புறோம். இங்கேயும் பசையோடயா? இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

அன்று என்னால் நேராக விடை சொல்ல முடியவில்லை. வீட்டிற்கு வந்தபின்பும் அக்கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது, சம்பந்தம் இருக்கிறது என்பது மட்டுமல்ல, நம் ஊர் வரலாறே அந்த மேசையில் படிந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. அம்முதியவருக்கு நான் தர வேண்டிய விடையே இக்கட்டுரை.

பிசின், பால், குங்கிலியம்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மரத்திலிருந்து வடிவன எல்லாவற்றையும் நாம் பொதுவாகப் 'பிசின்' என்கிறோம். ஆனால் அவை மூவகை. வேலமரத்துப் பிசின் போன்றவை நீரில் கரையும் அல்லது ஊறிப் பெருகும். ரப்பர் மரத்தில் வடிவது பால்; நீரில் மிதக்கும் நுண்துளிகளின் கலவை. மூன்றாவது வகை நீரில் கரையாது. எண்ணெயிலும் சாராயம் போன்றவற்றிலும் கரையும். நெருப்பில் இளகி மணம் வீசும். நம் முன்னோர் குங்கிலியம் என்றது இவ்வகையைத்தான். ஆங்கிலேயர் 'ரெசின்' எனப் பெயரிட்டது இதற்கே. திருக்கடையூரில் குங்கிலியத் தூபமிட்டுத் தொண்டு செய்தவர் அறுபத்து மூவருள் ஒருவராகி, குங்கிலியக்கலய நாயனார் என்றே பெயர் பெற்றதைச் சமய வகுப்பில் படித்த பிள்ளைகள் அறிவார்கள்.

அரக்கும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது மரம் தருவதன்று. மரத்தில் வாழும் சிறு பூச்சி தருவது. பாரதத்து அரக்கு மாளிகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அது எளிதில் தீப்பற்றக் காரணம் என்ன என்பதையும் சேர்த்துச் சொன்னால் அறிவியல் பாடமும் முடிந்துவிடும். உள்ளீடற்ற நகைகளைப் பொற்கொல்லர் அரக்கிட்டு நிரப்புவர். மலாக்கா நகரில் 'ஜாலான் துக்காங் எமாஸ்' என்றொரு தெரு உண்டு. பொற்கொல்லர் தெரு என்பதே அதன் பொருள். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிலிங் பள்ளிவாசலும், 1781இல் மலாக்கா செட்டி சமூகத்தார் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் அத்தெருவில்தான் இருக்கின்றன.

மரக்கலங்களைக் காத்த டாமார்

இனிக் கடலுக்கு வருவோம். நம் நாட்டுக் காடுகளில் மெராந்தி, செங்கால் போன்ற பெருமரங்கள் வடிக்கும் குங்கிலியத்தை மலாய் மொழியில் 'டாமார்' என்பர். பந்தத்துக்கும் அதே பெயர். டாமாரை ஓலையில் சுற்றிக் கொளுத்தியே அக்காலத்தில் இரவில் வெளிச்சம் கண்டனர். காட்டிலிருந்து அதைச் சேகரித்துக் கொணர்ந்தவர்கள் பழங்குடி மக்களே. அவர்களில் தெமுவான் பிரிவினர் இன்றும் மலாக்கா மாநிலத்தில் வாழ்கின்றனர்.

மரக்கலம் கட்டுவோருக்கு டாமார் இன்றியமையாதது. பலகைக்கும் பலகைக்கும் இடையே நார் திணித்து, அதன்மேல் டாமாரைப் பொடித்து எண்ணெயுடன் காய்ச்சிய குழம்பைப் பூசுவார்கள். மலாய்க்காரர் அதைக் 'காலா-காலா' என்பர். அக்குழம்பு இறுகினால் நீர் புகாது. 1511இல் போர்த்துகீசியர் கைப்பற்றுமுன் மலாக்கா ஆசியாவின் பெரும் துறைமுகங்களுள் ஒன்று. குஜராத்தியரும், கெலிங் என்று போர்த்துகீசியர் குறித்த தமிழ் வணிகரும், சாவகரும், சீனரும் பருவக்காற்றை எதிர்பார்த்து இங்கே மாதக்கணக்கில் தங்கினர். காத்திருக்கும் காலமே கலத்தைப் பழுது பார்க்கும் காலம். மரமும் பிசினும் சேர்ந்து கடலை வெளியே நிறுத்திய காலம் அது. இன்று அதே மரத்தின்மேல் பிசினை ஊற்றி நாம் கடலை உள்ளே வரவழைக்கிறோம்!

கடலடியில் ஓடிய கித்தா

ரப்பரைத் தோட்டத்தில் நாம் 'கித்தா' என்போம். இது மலாய் மொழியின் 'கெத்தா' என்பதிலிருந்து வந்தது. மரத்தில் வடியும் பால், பிசின் அனைத்துக்கும் மலாய்க்காரர் வைத்த பெயர் அது. இதே சொல் ரப்பருக்கு முன்பே உலகைச் சுற்றிவந்துவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நம் காட்டில் 'தாபான்' என்றொரு மரம். அதன் பால் இறுகினால் 'கெத்தா பெர்ச்சா'. வெந்நீரில் போட்டால் மாவுபோல் இளகும், ஆறினால் கெட்டியாகும். இங்குள்ளோர் வெட்டுக்கத்திகளுக்குக் கைப்பிடி செய்து வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மோன்கோமரியும், அங்கு வாழ்ந்த ஜோசே டி அல்மெய்டாவும் 1843 அளவில் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அறிமுகம் செய்தனர். கடல்நீரில் கெடாது, மின்சாரத்தைக் கடத்தாது என்னும் இரண்டு குணங்களால் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக அதுவே ஏற்றது என்று கண்டனர். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கம்பி நிலைபெற்றது. 1858இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கம்பி சில வாரங்களில் பழுதானது. 1866இல் இட்டது நிலைத்தது. 1870 இறுதியில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரையும் கம்பி இடப்பட்டது. அதன்வழி 1871 தொடக்கத்திலிருந்து வங்கக் கடலின் அடியில் செய்திகள் ஓடின.

இதற்கு விலை கொடுத்தது நம் காடு. தாபான் மரத்தைச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் வழக்கம் இல்லை. மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையங்கள் வெட்டி எடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்தது சில நூறு கிராம்தான். சிங்கப்பூர்த் தீவில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அம்மரம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பிறகு தீபகற்பத்தின் காடுகளுக்கும், சுமத்திரா, போர்னியோ தீவுகளுக்கும் கோடரி நகர்ந்தது. 'வேண்டும் வரை வெட்டு' என்னும் போக்கின் முடிவு இதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

மலாக்காவில் தொடங்கிய தோட்டம்

அடுத்து ரப்பர். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தாபான் மரத்துக்கு நேர்ந்தது இம்மரத்துக்கு நேராததற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆனால் காப்பியும் மரவள்ளியும் பயிரிட்ட முதலாளிகள் அவரைப் பைத்தியக்காரர் என்றே நகைத்தனர்.

அவரை நம்பியவர் மலாக்காக்காரர். டான் தொக் செங்கின் பேரனான டான் சாய் யான், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் எழுப்பினார். மரவள்ளிக் காடாகக் கிடந்த மலாக்காவின் உட்பகுதிகள் சில ஆண்டுகளில் பால்மரக் காடாயின.

காட்டை அழித்துக் கன்று நடலாம். விடியுமுன் எழுந்து மரம் மரமாகச் சீவ ஆள் வேண்டுமே! அந்த ஆட்கள் நாம்தான். 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கங்காணிகள் வழியாகவும் பிற வழிகளிலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரமாய் மக்கள் வந்தனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, மேல்தட்டுப் பயணிகளாகப் படுக்கப் பாயளவு இடம் பிடித்து, வங்கக் கடலைக் கடந்தனர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் வீட்டு முதியோர் இன்றும் மறவார். 1938இல் இந்திய அரசு இத்தகைய ஆள்சேர்ப்புக்குத் தடை விதிக்கும்வரை இவ்வரவு தொடர்ந்தது.

பிறகு நடந்ததை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரட்டு, லயம், ஆயாக் கொட்டகை, மங்கு, காண்டாக் கம்பு ஆகிய சொற்களே ஒரு தலைமுறையின் வரலாறு. என் தாயார் பால் உறையவைக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். பாலை வடிகட்டி, நீர் சேர்த்து, அமிலம் ஊற்றினால் உறையும். அதை உருளையில் அழுத்திச் சீட்டாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அமிலம் பட்டுப் பட்டு அவர் விரல்நுனிகள் வெடித்திருந்தன. சோறு பிசையும்போது எரியும். முகம் மட்டும் சுளிக்கும். வாய் திறந்து சொன்னதில்லை.

பல்மருத்துவருக்காகத் தேடிய பிசின்

இன்று மேசையில் ஊற்றும் ரெசின் எந்த மரத்திலும் வடிவதன்று. பெட்ரோலிய வழிப் பொருள்களிலிருந்து பெறும் 'எப்பாக்சி' அது. 1934இல் ஜெர்மானியர் பால் ஷ்லாக் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் செயற்கைப் பற்களுக்கேற்ற பொருளைத் தேடி இதை உருவாக்கி, 1938இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல்லுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. பாசல் நகரத்துச் சீபா நிறுவனம் அதை எடுத்து, 1946இல் 'அரால்டைட்' என்னும் பசையாக அறிமுகம் செய்தது. இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் கலந்து உடைந்த பொருள்களை ஒட்டிய நினைவு நம் எல்லோருக்கும் இருக்கும்.

அந்த இரண்டு குழாய்களில்தான் சூட்சுமம். ஒன்று பிசின், மற்றது கெட்டிப்படுத்தும் நீர்மம். கலந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோலப் பின்னிக்கொள்கின்றன, வெப்பம் வெளிப்படுகிறது. ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கண்டதும் இத்தகைய பின்னலே. அதனால்தான் வெயிலில் இளகும் பச்சை ரப்பர், வண்டிச் சக்கரமாக உழைக்கிறது.

செய்முறை எளியதாகத் தோன்றும். பொறுமையோ மிகுதியாக வேண்டும். உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே இரண்டையும் கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. காற்றுக் குமிழி புகாமல் மெதுவாகச் சில நிமிடம் கிண்ட வேண்டும். பலகை சமமாக இராவிட்டால் கடல் ஒரு பக்கம் வழிந்துவிடும். தொடுமளவு இறுக ஒரு நாளும், முழு வலிமை பெறப் பல நாள்களும் ஆகும். நம் ஊர் ஈரக் காற்று வேறு பகை. நான் வீட்டில் முதன்முதலில் செய்து பார்த்தது அடைமழை நாளில். மறுநாள் என் நீலக்கடல்மேல் பால்போல் மங்கலான படலம் படிந்திருந்தது. கையுறை இல்லாமல் தொட்டதற்குத் தண்டனையாக மணிக்கட்டில் ஒரு வாரம் அரிப்பும் தடிப்பும்.

எரிக்கப்பட்ட மரம் மேசையான கதை

பால்மரத்துக்கும் ஓய்வு உண்டு. 25, 30 ஆண்டுகளில் பால் குறையும். மரத்தைச் சாய்த்துப் புதுக்கன்று நடுவார்கள். சாய்ந்த மரம் நெடுங்காலம் விறகாகவே போயிற்று. பூச்சியும் பூசணமும் விரைவில் பற்றும் மரமாதலால் தச்சர் தொடமாட்டார். வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் நிலைக்கும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். 1980களிலிருந்து ரப்பர்மரம் மலேசியத் தளவாடத் தொழிலின் முதுகெலும்பாயிற்று. நமக்கு அடுத்துள்ள ஜொகூர் மாநிலத்து மூவார் அத்தொழிலின் பெருநகர். அந்தத் தந்தை கொண்டு வந்த பலகையும் ரப்பர்மரமே.

அதே காலத்தில் தோட்டங்களும் மாறின. செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயரில் இன்றும் 'தோட்டம்' இருக்கிறது. சுற்றிலும் பார்த்தால் தோட்டத்தைக் காணோம்.

எந்தக் கடலை ஊற்றுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பலகையில் இருந்தது நம் கடலன்று. பளிங்கு நீலமும் வெள்ளை மணலும் எங்கோ தொலைவிலுள்ள தீவுகளுக்கு உரியவை. மலாக்கா நீரிணை வண்டல் கலந்த பசுமஞ்சள் கடல்; மழைக்காலத்தில் தேநீர் நிறம். போர்த்துகீசியர் கோட்டையின் வாயில் ஒருகாலத்தில் கடலைப் பார்த்து நின்றது. இன்று அங்கு நின்றால் கடைவளாகம்தான் தெரியும். அவ்வளவு தூரம் கடலைத் தூர்த்துவிட்டோம். மஸ்ஜித் தானாவுக்கு அருகே பாடாங் கெமுந்திங் கரையில் அழுங்காமைகள் இன்னும் முட்டையிட வருகின்றன. சீப்புக்கும் பேழைக்கும் அவற்றின் ஓட்டைத் தேடி வேட்டையாடினர் முன்னோர். இன்று நாம் எறியும் நெகிழி அவற்றின் வயிற்றில் போகிறது. எப்பாக்சியும் மட்கிப் போகாத பொருளே. ஆகவே நூறு சாவிக்கொத்துகள் செய்து குப்பையில் எறிவதைவிட, ஐம்பது ஆண்டு நிற்கும் ஒரு மேசை செய்வது மேல்.

நாங்கள் செய்தது

இறுதியில் சங்கம் ஒப்புக்கொண்டது, மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, இறுகாத பிசினைப் பிள்ளைகள் தொடக் கூடாது. அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். பெரியவர்களே நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த கூடத்தில் ஊற்ற வேண்டும். நம் பால்மரம் தந்த சாதாரண ரப்பர்க் கையுறை இதற்குப் போதாது. இரண்டாவது, பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பெரியவரிடம் கடலைப் பற்றி ஒரு கதை கேட்டு எழுதி வர வேண்டும். மூன்றாவது, அடிப்படை ஓவியத்தைப் பிள்ளைகளே தீட்ட வேண்டும்.

அவர்கள் தீட்டியது வங்கக் கடல். ஒரு கரையில் நாகப்பட்டினம். மறு கரையில் பினாங்கும் கிள்ளானும் மலாக்காவும். நடுவே ஒரு சிறு கப்பல். நீரிணையின் நிறத்துக்கு நீலத்தோடு பழுப்பும் பச்சையும் குழைத்தார்கள். அதன்மேல் தெளிந்த பிசினை ஊற்றியபோது பிள்ளைகள் கோட்டுக்கு அப்பால் மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

ஒரு வாரம் கழித்து அம்முதியவர் பார்க்க வந்தார். கடலை அவர் அதிகம் பார்க்கவில்லை. மேசையின் ஓரத்தில், பிசின் படாத மரத்தில், விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே கருத்த கோடுபோல் ஒரு வடு. "கத்தி ஆழமா இறங்கின காயம் டீச்சர். புதுசா சீவப் பழகினவங்க கை. கங்காணி கண்டிப்பா ஏசியிருப்பான்" என்றார். பிறகு பேரனை அழைத்து, அவன் விரலைப் பிடித்து அந்த வடுவின்மேல் வைத்தார்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் கைகள் நம் கைகளைப் போல் வெடிக்கக் கூடாது என்று நாம் விரும்புவது நியாயம். ஆனால் அக்கைகள் எதைச் செய்தன என்பதை அறியாமலே அவர்கள் வளர வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு நாற்காலியையோ மேசையையோ ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அது ரப்பர்மரமாகவே இருக்கக்கூடும். பிள்ளைகளை அருகில் அழைத்து, உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லுங்கள்.